எஸ்கேப் பொத்தான் இல்லாத விசைப்பலகை

எங்கள் அச்சகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "இங்க ஏன் மை வாசனையே இல்ல?" என்று கேட்பார்கள். மை இருந்தால்தானே வாசனை வர! இது பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் அச்சகம். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுப்பும் இயந்திரம் ஒன்று நடு அறையில் இருக்கிறது. எம்பாஸர் என்று பெயர். அது ஓட ஆரம்பித்தால் தகரக் கூரைமேல் கூழாங்கல்லைக் கொட்டுவது போலச் சத்தம் வரும். அந்த இயந்திரத்தையும் அதோடு சேர்ந்த கணினியையும் பதினாறு வருஷமாகக் கட்டி மேய்ப்பவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மின்னல் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினிக் குரல் ஒன்று அவளுக்குப் படித்துச் சொல்லும். அந்தக் குரலை அவள் வைத்திருக்கும் வேகத்தில் நீங்கள் கேட்டால், காதுக்குள் வண்டு போய்விட்டது என்று அலறிக்கொண்டு ஓடுவீர்கள். அவளோ அதையும் கேட்டுக்கொண்டு, கூடவே என்னையும் வம்புக்கு இழுப்பாள். அவளுக்கு எதிரே உட்கார்வது என் வேலை. அவள் விரலால் தடவிப் படிக்கப் படிக்க, நான் மூலப் பிரதியைக் கண்ணால் பார்த்து ஒப்பிட வேண்டும். என் மூக்குமேல் உள்ள சோடாபுட்டியைப் பற்றி யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டாள். நான் விளக்கைப் போட்டால், "எதுக்கு இப்ப கரண்ட வீணாக்கற?" என்பாள். நானும் வாயாடி என்று பெயரெடுத்தவள்தான்; எங்களுக்குள் சண்டை இல்லாமல் ஒரு நாள் போனதாக எனக்கு நினைவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. காதால் படித்துக்கொண்டே போகிற வேகத்தில், நடுவில் கணினி ஏதாவது பெட்டியைத் திறந்து அது வேண்டுமா இது வேண்டுமா என்று கேட்கும். உடனே குரல் பாடத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குத் தாவிவிடும். மின்னலுக்குச் சுருக்கென்று கோபம் வரும். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் பொத்தானில் ஒரு தட்டு. பெட்டி போய்விடும், குரல் பாடத்துக்குத் திரும்பிவிடும். பெட்டி என்ன கேட்டது என்று அவள் காது கொடுத்ததே இல்லை. "தொணதொணப்புக்கு மருந்து" என்று அந்தப் பொத்தானுக்குப் பெயர். அதன்மேல் இருந்த எழுத்து முழுக்கத் தேய்ந்துவிட்டது; அதனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவள் வீட்டுக்காரர் தச்சர். மேசையில் விசைப்பலகை நகராமலிருக்க மரச் சட்டம் அடித்துக்கொடுக்க ஒருமுறை வந்தார். "வீட்லயும் அதேதாங்க. எங்கம்மா பேச ஆரம்பிச்சா இவ இடது கை விரல் தானா சாப்பாட்டு மேசை ஓரத்துல ஒரு தட்டு தட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தட்டு எங்கே கொண்டுபோய்விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு. பார்வையற்ற பிள்ளைகள் பதினோரு பேர் எழுதப்போகிறார்கள். அவர்களுக்கான கேள்வித்தாளை நாங்கள்தான் பிரெய்லில் அடித்துத் தர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முத்திரையிட்ட உறையில் தாள் வந்தது. உறையைப் பிரிக்குமுன் மின்னலும் நானும் நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டோம். சாயங்காலம் நான்கு மணிக்கு வண்டி வந்து கட்டுகளை எடுத்துப் போகும்வரை அந்த அறைக்குள் எங்கள் இருவரைத் தவிர யாரும் வரக்கூடாது. எங்கள் கைபேசிகள் வெளியே தேர்வு அதிகாரியின் மேசை இழுப்பறையில். அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள்.

பதினொன்றரைக்குள் மின்னல் தாளைப் பிரெய்லுக்கு மாற்றி முடித்துவிட்டாள். பிரதிக்குப் பதினான்கு பக்கம். அச்சுக்கு அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். எம்பாஸர் மூச்சுவிடவில்லை. மறுபடி தட்டினாள். "இயந்திரத்திலிருந்து பதில் இல்லை" என்று திரையில் வந்தது.

கதவைத் தட்டிச் சிஸ்டம்காரரைக் கூப்பிடச் சொன்னோம். எங்கள் கட்டடத்தின் எல்லாக் கணினிகளுக்கும் அவர்தான் வைத்தியர். ஐம்பது வயது, நல்ல மனுஷன், ஆனால் எந்த நோய்க்கும் அணைத்துப் போடுவதுதான் அவருடைய முதல் மருந்து. உள்ளே வர அனுமதி இல்லாததால் சாத்திய கதவுக்கு வெளியே நின்று கத்தினார். மின்னல் உள்ளிருந்து கத்தினாள். நடுவில் நான்.

"கேபிள் பாத்தீங்களா?"

"தடவியும் பாத்தாச்சு, கண்ணாடிய விட்டுப் பாக்கவும் சொல்லியாச்சு சார். அணைச்சுப் போட்டும் பாத்தாச்சு, அதையும் சொல்லிடாதீங்க. செவ்வாக்கெழம வரைக்கும் ஓடின மிஷின் இது."

"நேத்து அந்த அச்சு புரோகிராம் புதுசா அப்டேட் ஆச்சில்ல? அப்ப ஃபயர்வால்தான் மறிக்குது."

ஃபயர்வால் என்பது கணினியின் வாசலில் நிற்கும் காவல்காரர். கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பார். வெளியிலிருந்து எது உள்ளே பேச வந்தாலும், பட்டியலைப் பார்த்து விடுவார் அல்லது விரட்டுவார். எம்பாஸர் 'நான் தயார்' என்று சொன்னால்தான் அச்சு புரோகிராம் பக்கங்களை அனுப்பும். எம்பாஸர் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காவல்காரர் அதை உள்ளே விடவில்லை.

"அந்த புரோகிராம் பேரைப் போட்டு, அனுமதின்னு புதுசா ஒரு விதி எழுதுங்க" என்றார் சிஸ்டம்காரர்.

எழுதினாள். பதில் இல்லை. "இன்னொண்ணு எழுதுங்க" என்றார். எழுதினாள். மூன்றாவதும் எழுதினாள். எம்பாஸர் ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருந்தது.

"பேசாம ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிடுங்க. ஒரு மணி நேரந்தானே."

"நாலாவது நிபந்தனை சார். கேள்வித்தாள் உள்ள இருக்கற வரைக்கும் அதை அணைக்கக் கூடாது. அந்த நிபந்தனைத் தாளை டைப் அடிச்சதே நீங்கதான்."

வெளியே வேறொரு குரல் கேட்டது. தேர்வு அதிகாரி அம்மாள் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, கடிகாரத்துக்குப் பயந்தவர்.

"இங்க பாரும்மா, ரெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஓடலன்னா விட்டுடு. பதினோரு வாசிப்பாளர்கள ஏற்பாடு பண்ணிடறேன். கேள்விய அவங்க படிச்சுச் சொல்லட்டும், பிள்ளைங்க கேட்டு எழுதட்டும். ஒண்ணும் குடி முழுகிடாது."

மின்னலின் முகம் கறுத்துப் போனது. எனக்குக் காரணம் தெரியும். அவள் பத்தாம் வகுப்பு எழுதியபோது பிரெய்லில் கேள்வித்தாள் தரவில்லை. வாசிப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதே கணிதம். ஏழாவது கேள்வி வட்டத்தைப் பற்றியது. படம் பார்த்துப் போட வேண்டியது. அவளுக்குப் பிடிபடவில்லை. விட்டுவிட்டாள். நான்கு மதிப்பெண்ணில் தோற்றாள். ஒரு மாதம் கழித்துத் தோழி ஒருத்தி பழைய தாளைப் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, ஏழாவதன் அடியில் 'அல்லது' என்று போட்டு இன்னொரு கணக்கு இருந்திருக்கிறது. சராசரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள். வாசித்த மகராசன் அவசரத்தில் அதை விழுங்கிவிட்டார். ஒரு வருஷம் போயிற்று. அந்த மனிதர்மேல் அவளுக்கு இருக்கும் கோபம் இருபத்தேழு வருஷத்தில் ஒரு துளிகூட ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்பது என் கட்சி.

"வாசிப்பாளர் வேணாம் மேடம்" என்றாள் கதவைப் பார்த்து. "அவங்க விரலால அவங்களே படிக்கணும். ரெண்டு மணிக்குள்ள ஓட்டறேன்."

"எப்படி ஓட்டுவே?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"காவல்காரன் பட்டியல முழுசாக் கேக்கப் போறேன். நீ வாய மூடிக்கிட்டு இரு."

நானூற்றுப் பன்னிரண்டு விதிகள். நான் எண்ணவில்லை, கணினியே சொன்னது. மின்னல் காதைத் தீட்டிக்கொண்டு கீழ்நோக்கும் அம்புப் பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், அனுமதியா தடையா. அடுத்தது. பெயர், அனுமதியா தடையா. அடுத்தது. பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து, தடை என்று வரும்போதெல்லாம் பிரெய்ல் ஊசியால் ஒரு குத்து குத்தினாள். மணி பன்னிரண்டரை ஆனது. எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் இரண்டும் ஜன்னலோரம் மூடியபடியே இருந்தன. எனக்குப் பசியில் காது அடைத்தது. அவளிடம் சாப்பிடலாமா என்று கேட்கும் தைரியம் வரவில்லை. ஊசி குத்தும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

பட்டியல் முடிந்ததும் அந்தத் துண்டுத் தாளைத் தடவி எண்ணினாள். இருபத்தேழு குத்து.

"நம்ம அச்சு புரோகிராம் நாலு எடத்துல இருக்கு, கண்ணாடி. மூணு அனுமதி இப்ப நான் போட்டது. நாலாவது தடை. யாரு போட்டா அதை?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சார்! இருவத்தேழு தடை எழுதி வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"நானா? தடை விதி நான் ஒண்ணுகூடப் போட்டதில்லம்மா! புது புரோகிராம் எதாவது வந்தா, இதை உள்ள விடலாமான்னு ஃபயர்வால் ஒரு பெட்டியத் தொறந்து கேக்கும். அப்ப வேணாம்னு தட்டினாலோ, பெட்டிய மூடினாலோ, அது தடைன்னு தானா எழுதி வெச்சுக்கும்."

"மூடறதுன்னா? எஸ்கேப்ப தட்டறதா?"

"அதேதான்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "ஒரே புரோகிராமுக்குத் தடையும் இருக்கு, அனுமதியும் இருக்குன்னா எது ஜெயிக்கும்?"

"தடைதான். நீங்க நூறு அனுமதி எழுதினாலும் ஒரு தடை போதும்."

மின்னல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கை சும்மா இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"நேத்து காலைல வரலாற்றுப் பாடம் படிச்சிட்டிருந்தப்ப ஒரு பெட்டி வந்துச்சு. தட்டினேன். ஞாபகம் இருக்கு" என்றாள். "அந்தாளு என் கேள்விய முழுசாப் படிக்காம விழுங்கினான்னு இத்தன வருஷமாத் திட்டறேன். நான் மட்டும் என்ன கிழிச்சேன்? இருவத்தேழு கேள்வி கேட்டிருக்கு. ஒண்ணையாவது முழுசாக் காது குடுத்துக் கேட்டனா?"

என் ஆறுதலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அந்த நாலாவது விதியைத் தேடிப் பிடித்து அழித்தாள். அச்சுக்கு அனுப்பினாள்.

"இயந்திரம் தயார்" என்று திரையில் வந்தது. நான் துள்ளிவிட்டேன். எம்பாஸர் ஒரு தாளை இழுத்தது, இரண்டு வரி குத்தியது, அப்படியே நின்றுவிட்டது. "பதில் இல்லை."

"அந்தப் புரோகிராமுக்கு எடுபிடி ரெண்டு மூணு உண்டும்மா" என்று கத்தினார் சிஸ்டம்காரர். "எல்லாம் வேற வேற பேர்ல இருக்கும். அதுல எது தடைல மாட்டியிருக்கோ!"

மணி ஒன்று ஐந்து. மிச்சம் இருபத்தாறு தடை. எது யாருடைய எடுபிடி என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மின்னல் கொஞ்ச நேரம் மேசையின் மரச் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சார், மொத்தத்தையும் ரீசெட் பண்ணிடறேன்."

"பண்ணா நாம எழுதினது எல்லாம் போயிடும். ஸ்கேனர், பொதுக் கோப்பு எல்லாத்துக்கும் மறுபடி மொதல்லேந்து அனுமதி தரணும்."

"தந்துட்டாப் போச்சு. இப்ப இருக்கற பட்டியல ஒரு கோப்புல எடுத்து வெச்சிக்கறேன். நாளைக்கு அதப் பாத்து வேண்டியத எழுதிக்கலாம். ரீசெட் பண்ணாலும் காவல்காரன் வாசல்லதான நிப்பான்? நிபந்தனைக்குப் பழுதில்லையே?"

"நிப்பான், நிப்பான். பட்டியல் மட்டும் புதுசாயிடும். புரோகிராம் மறுபடி வந்து கேக்கும். ஒவ்வொரு எடுபிடிக்கும் ஒரு பெட்டி வரும். அப்ப அனுமதின்னு குடுக்கணும். தயவு பண்ணி அந்த எஸ்கேப்ப மட்டும்..."

"தெரியும் சார்" என்றாள். பட்டியலைக் கோப்பில் சேமித்தாள். ரீசெட் செய்யும் இடத்துக்குப் போனாள். உண்மையாகவா என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வியைக் கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டு ஆம் என்றாள். காவல்காரரின் பட்டியல் ஆரம்ப நிலைக்கு வந்துவிட்டது.

அச்சு புரோகிராமைத் திறக்கப் போனவள் நின்றாள். இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, அது வேறு யாருடையதோ என்பது போல வலது கையால் அதன் விரல்களை அமுக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கைய நம்ப முடியாது, கண்ணாடி. நான் நினைக்கறதுக்கு முன்னாடி தட்டிடும். அந்த ஊசிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். பிரெய்ல் ஊசியை எஸ்கேப் பொத்தானின் அடியில் விட்டு நெம்பினாள். முதல் நெம்பலில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு நெம்பு. பொத்தான் பிடுங்கிக்கொண்டு பறந்து என் டப்பாமேல் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

"பத்திரமா வெச்சிக்க. நானே கேட்டாலும் குடுக்காத" என்றாள்.

புரோகிராமைத் திறந்தாள். பெட்டி வந்தது. மின்னல் குரலின் வேகத்தைக் குறைத்திருந்தாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குரல் சொன்னது எனக்கும் புரிந்தது. இன்ன புரோகிராம், இன்ன இடத்திலிருந்து வருகிறது, உள்ளே விடலாமா? அவள் முழுவதும் கேட்டாள். பெயர் சரிதானா என்று மறுபடி கேட்டாள். அனுமதி. இரண்டாவது பெட்டிக்கும் அப்படியே. அச்சுக்கு அனுப்பினாள். முதல் பக்கம் ஓடிவர, அதை எடுத்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மூலப் பிரதியைப் பிரித்தேன். மூன்றாம் வரியில் இருந்தபோது மூன்றாவது பெட்டி குறுக்கே வந்து பேச ஆரம்பித்தது.

அவள் இடது கை பாய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் நேரே அந்த மூலைக்குப் போய், பொத்தான் இருந்த பள்ளத்துக்குள் விழுந்து, ஒன்றும் கிடைக்காமல் நின்றது. மின்னல் கையைச் சட்டென்று இழுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சனியனே" என்று அதைத் திட்டினாள். பிறகு வலது கையாலேயே பெட்டியை முதலிலிருந்து படிக்க வைத்துக் கேட்டு, அனுமதி கொடுத்தாள். எம்பாஸர் இரண்டாம் பக்கத்தை இழுத்தது. மூன்றாம் பக்கத்தை இழுத்தது. கூழாங்கல் சத்தம் அறை முழுக்கக் கொட்டியது. கதவுக்கு வெளியே சிஸ்டம்காரர் கை தட்டினார். மணி ஒன்று நாற்பது.

பதினோரு பிரதி, நூற்று ஐம்பத்துநாலு பக்கம். இயந்திரம் ஒருபக்கம் குத்தித் தள்ள, நாங்கள் ஒருபக்கம் ஒப்பிட்டோம். ஏழாவது கேள்விக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. "அல்லது" என்று உரக்கப் படித்தாள். "அல்லது இருக்கு" என்றேன் நான். மேலே போனாள். ஆனால் பதினோரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து அந்தச் சொல்லை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாள். நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கட்டுகளில் முத்திரை விழுந்தது. அதிகாரி பதிவேட்டை நீட்டி, அச்சு தொடங்கத் தாமதமானதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றார். "மிஷின் கோளாறுன்னு போட்டுக்கலாம்" என்று அவரே எடுத்தும் கொடுத்தார். மின்னல் ஒப்புக்கொள்ளவில்லை. 'கணினி கேட்ட கேள்வியை இயக்குபவர் முழுவதும் கேட்காமல் மறுத்தது' என்று என்னை எழுத வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாகவும் வந்தது, பெருமையாகவும் வந்தது.

மறுநாள் தேர்வுக்கூட வராந்தாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எங்காவது புள்ளி மழுங்கியிருந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டுமே. ஒருவரும் கூப்பிடவில்லை. உள்ளே பேச்சுக் குரலே கிடையாது. தாளில் விரல் ஓடும் சரசரப்பும், பிரெய்ல் தட்டச்சின் சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. மின்னல் சுவரில் சாய்ந்து மூன்று மணி நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னோடு ஒரு வம்புகூடப் பேசவில்லை.

மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு பெண் கோலைத் தட்டியபடியே பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஏழாவதுல மொதல்ல இருந்தது எனக்குச் சுத்தமா வரலடி. நல்லவேளை, அல்லதுன்னு கீழ சராசரி இருந்துச்சு. அத எழுதிட்டேன். இருவத்திரண்டு வந்துச்சு, சரியான்னு தெரியல."

மின்னல் எழுந்து நின்றாள். என் முழங்கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

"இருவத்திரண்டுதாம்மா" என்றாள் அந்தப் பெண் இருந்த பக்கம் திரும்பி. "சரியாத்தான் போட்டிருக்கே."

அந்தப் பெண் யாரென்று புரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் மின்னலைப் பார்த்தேன். நேற்று முழுக்க அவளுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அவசரத்துக்கு நடுவில் அந்தக் கணக்கை அவள் எப்போது போட்டுப் பார்த்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.